றங்குப் பெட்டியில் ஓர் அரசர்: சின்னம் தாங்கிய பழைய உடைகளையும் நகைகளையும் சேகரித்தல்

மட்டக்களப்புப் புளியந்தீவில் வாழ்ந்த எங்கள் அம்மம்மாவின் றங்குப் பெட்டியில், கூறைச் சேலைக்கும் காணி உறுதிகளுக்கும் அடியில், வெள்ளைத் துணியொன்றில் முடிந்தபடி சிறிய பதக்கம் ஒன்று கிடந்தது. அதன் ஒரு பக்கத்தில் முடிசூடிய ஆணும் பெண்ணும் பக்கவாட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தனர். மேலே ஒரு வளையம், வளையத்தில் நிறம் மங்கிய நாடா, நாடாவில் துருப்பிடித்த ஊக்கு. அது 1937ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி இலண்டனில் நடந்த ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவை நினைவுகூரச் செய்யப்பட்டது. பள்ளிக்கூடத்தில் அதைத் தந்து, சட்டையில் குத்திக்கொண்டு வரிசையில் நிற்கச் சொன்னார்கள் என்று அம்மம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். கடலுக்கு அப்பால் யாரோ ஒருவர் முடிசூடிய செய்தி, மட்டக்களப்பு வாவிக் கரையில் பத்து வயதுச் சிறுமியொருத்தியின் நெஞ்சில் ஊக்கினால் குத்தப்பட்டிருந்தது. இத்தகைய பொருள்களைத் தேடுவதும், இன்னதென்று இனங்காண்பதும், கெடாமல் காப்பதும், அவற்றுக்குரிய வரலாற்றோடு சேர்த்து வைப்பதுமே இந்தக் கட்டுரை அறிமுகப்படுத்தும் சேகரிப்புத் துறையாகும்.

ஒரு பொருள் இந்தத் துறைக்குள் அடங்குவதற்கு மூன்று இயல்புகள் வேண்டும். முதலாவது, அது உடலில் அணியப்பட்டதாக இருக்க வேண்டும். சேலை, சால்வை, சாரம், தொப்பி, பொத்தான், புரோச் என்ற அலங்கார ஊசி, பதக்கம், மோதிரம், சங்கிலி யாவும் இதில் அடங்கும், சுவரில் மாட்டிய படம் அடங்காது. இரண்டாவது, ஓர் அரசையோ நாட்டையோ கட்சியையோ போராட்டத்தையோ போரையோ குறிக்கும் அடையாளம் அதில் இருக்க வேண்டும். மூன்றாவது, அது தனக்குரிய காலத்தில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் சுதந்திரத்தைக் கொண்டாட 1998இல் செய்யப்பட்ட சட்டை ஊசி 1998ஆம் ஆண்டின் பொருளே. வயதைப் பொறுத்தவரை, நூறு ஆண்டுகளைக் கடந்ததை வணிகர்கள் ‘அன்டீக்’ என்பார்கள். அதற்கு இளையதாய், ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கேனும் முந்தியதை ‘விண்டேஜ்’ என்பார்கள். இந்த எல்லைகள் கடை வழக்கில் உருவானவை, ஆகையால் அவற்றில் அதிகம் தங்கிவிடத் தேவையில்லை.

நம் வீடுகளில் மிக அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு பவுண். எட்டுக் கிராம் தங்கத்தை நாம் இன்றும் ஒரு பவுண் என்கிறோம். அந்தச் சொல் பிரித்தானியாவின் ‘சொவரின்’ என்ற தங்க நாணயத்திலிருந்து நமக்கு வந்தது. அதன் எடை 7.98 கிராம், தங்கத்தின் தரம் 22 கரட். அந்த நாணயங்களை வாங்கிக் காது வைத்துக் காசுமாலையாகவும் பதக்கமாகவும் கோத்து அணிவது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நெடுங்கால வழக்கம். ஒரு பக்கத்தில் விக்டோரியா மகாராணியின் தலை அல்லது அவருக்குப் பின்வந்த மன்னரின் தலை, மறுபக்கத்தில் குதிரைமீதிருந்து பறவைநாகத்தைக் கொல்லும் புனித ஜோர்ஜ். இந்தக் குதிரைவீரன் வடிவத்தை இத்தாலியச் சிற்பியான பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி 1817இல் வடித்தார். ஒரு பேரரசின் முத்திரை தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்களின் கழுத்தில் தொங்கியிருக்கிறது; அணிந்தவர்கள் அதைத் தங்கமாகக் கண்டார்களேயன்றி அரசாகக் காணவில்லை. சேகரிப்பாளரின் பார்வை இங்கேதான் நகை வாங்குபவரின் பார்வையிலிருந்து பிரிகிறது. நகை வாங்குபவர் நிறுத்துப் பார்ப்பார். சேகரிப்பவர் திருப்பிப் பார்ப்பார்.

திருப்பிப் பார்த்தால் என்ன தெரியும்? விக்டோரியாவின் தலை மூன்று வகையாக வந்தது: 1838 முதல் 1887 வரை இளமைத் தலை, 1887 முதல் 1893 வரை சிறிய முடி சூடிய பொன்விழாத் தலை, அதற்குப் பின் 1901 வரை முக்காடிட்ட முதுமைத் தலை. ஆண்டு எண் தேய்ந்து மறைந்திருந்தாலும் தலையைப் பார்த்துக் காலத்தைச் சொல்லலாம். குதிரையின் காலடியில், ஆண்டு எண்ணுக்கு மேலே, நிலம்போலச் செதுக்கப்பட்ட பட்டையில் மிகச் சிறிய எழுத்து ஒன்று இருக்கக்கூடும். அது எந்த நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும். அங்கே ஆங்கில ‘ஐ’ எழுத்து இருந்தால் அந்தப் பவுண் பம்பாயில் அடிக்கப்பட்டது. பம்பாயில் 1918 என்ற ஒரேயோர் ஆண்டெண்ணோடு மட்டுமே பவுண் அடித்தார்கள். காசுமாலையில் உள்ள எல்லாக் காசுகளும் உண்மை நாணயங்களாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தட்டார்கள் அச்சில் வார்த்தோ தகட்டில் அடித்தோ செய்த காசுகளும் கலந்திருக்கும். அவற்றில் எழுத்துகளின் விளிம்பு மழுங்கியும் ஓரத்து வரிகள் ஒழுங்கின்றியும் காணப்படும். அவை போலி என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. இங்கிலாந்து ராணியின் முகத்தைத் தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் வடித்த உள்ளூர்த் தட்டாரின் வேலை என்ற வகையில், எனக்கு அவற்றின்மீது தனிப்பட்ட மதிப்பு உண்டு.

மனிதர்கள் தங்கள் அரசியலை ஏன் உடம்பில் அணிந்தார்கள் என்று கேட்டால், பேசாமலே பேசுவதற்காக என்பதே சுருக்கமான விடை. 1813இல் நெப்போலியனை எதிர்த்து நடந்த போருக்குப் பிரஷ்ய அரசு செல்வம் திரட்டியபோது, பெண்கள் தங்கள் பொன் நகைகளைக் கொடுத்துவிட்டு இரும்பு நகைகளை வாங்கி அணிந்தார்கள். ‘இரும்புக்காகப் பொன்னைக் கொடுத்தேன்’ என்ற வாசகம் அவற்றில் பொறிக்கப்பட்டது. பொன்னைவிட இரும்பு பெருமையாக இருந்த காலம் அது. 1789இல் ஜோர்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றபோது, அவரை வாழ்த்தும் எழுத்துகள் பதித்த உலோகப் பொத்தான்களை ஆண்கள் மேலங்கியில் தைத்துக்கொண்டார்கள். 1896ஆம் ஆண்டுத் தேர்தலில், செலுலொயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் மூடிய, சட்டையில் குத்தும் வட்டப் பட்டன்கள் மலிவாகவும் பெருந்தொகையாகவும் வந்துவிட்டன. இன்று நம் தேர்தல் மேடைகளில் குத்தப்படும் வட்டச் சின்னங்களின் மூதாதை அதுவே. இங்கிலாந்தில் வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் 1908 முதல் ஊதா, வெள்ளை, பச்சை ஆகிய மூன்று நிறங்களைத் தங்கள் அடையாளமாக அணிந்தார்கள். சிறை சென்று மீண்டவர்களுக்கு 1909 முதல் இலண்டனின் ஹொலோவே சிறையின் பெயரால் ஹொலோவே புரோச் என்ற சிறு வெள்ளி நகை வழங்கப்பட்டது. சிறைக்கதவு வடிவத்தின்மேல் கைதிகளின் அம்புக்குறி பதித்த அந்த நகையை வடிவமைத்தவர், அந்தப் போராட்டத்தில் இருந்த ஓவியர் சில்வியா பாங்க்ஹர்ஸ்ட்.

நம் நாட்டில் இதற்கு இணையாக ஒரு பூ உண்டு; அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். முதலாம் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11ஆம் திகதியில், போரில் இறந்தவர்களின் நினைவாகச் சிவப்புப் பொப்பிப் பூக்களை விற்றுச் சட்டையில் குத்தும் வழக்கம் பிரித்தானியப் பேரரசெங்கும் பரவியது. இலங்கையிலும் அது நடந்தது. சேர்ந்த பணத்தில் பெரும்பங்கு இங்கிலாந்துக்குப் போவதையும், இலங்கையிலிருந்து போருக்குப் போய் வந்தவர்களுக்குக் கிடைத்தது சொற்பம் என்பதையும் கண்டு எழுந்த மனக்குறையில், 1931இல் அதே நாளில் வேறொரு பூவை விற்கத் தொடங்கினார்கள். சிங்களத்தில் அதைச் சூரிய மல் என்பார்கள். தமிழில் அது பூவரசம்பூ. 1933இல் இளைஞர் கழகங்கள் அதைக் கையிலெடுத்ததும் அது பேரரசை எதிர்க்கும் இயக்கமாக வளர்ந்தது, அந்த இயக்கத்தில் இருந்தவர்களே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சியைத் தொடங்கினார்கள். ஒரே நாளில் ஒருவர் சட்டையில் சிவப்புப் பொப்பி, இன்னொருவர் சட்டையில் மஞ்சள் பூவரசு; தெருவில் எதிர்ப்படும் இருவரும் வாய் திறவாமலே தங்கள் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டார்கள். நம் ஊர் வேலிகளில் நிற்கும் பூவரசின் இலையைச் சுருட்டி ஊதிய எவருக்கும் அந்தப் பூ தெரியும்: காலையில் மஞ்சளாக விரிந்து மாலையில் செம்மையேறி வாடிவிடும். சேகரிப்பாளருக்கு இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அதிகாரம் அணியச் சொன்ன சின்னங்கள் உலோகத்தில் இருந்தன, ஆகவே றங்குப் பெட்டியில் தங்கின. அதிகாரத்தை எதிர்த்தவர்களின் சின்னங்கள் பூவிலும் காகிதத்திலும் துணிக் கிழிசலிலும் இருந்தன, ஆகவே மறைந்தன. ஒரு சேகரிப்பில் அரசர்களே நிறைந்திருப்பதால் எல்லோரும் அரசர்களை விரும்பினார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

துணியிலும் இதே மொழி உண்டு. மகாத்மா காந்தி 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் உட்படப் பல இடங்களுக்குச் சென்று, கதர்ப் பணிக்கு நிதி சேர்த்தார். கதர் என்பது கையால் நூற்ற நூலைக் கைத்தறியில் நெய்த துணி. மருதமுனையில் நெய்யப்படும் சாரமும் சேலையும் கைத்தறித் துணிகளே எனினும், நூல் ஆலையில் நூற்கப்பட்டதாயின் அவை கதர் ஆகா. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும்: கையால் நூற்ற நூல் ஒரே இழையிலேயே தடித்தும் மெலிந்தும் ஓடும், ஆலை நூல் ஒரே சீராக இருக்கும். இராஜபக்ச குடும்பத்தினரின் குரக்கன் நிறச் சால்வையும் இவ்வாறு அரசியல் பேசும் துணியே. குரக்கன் பயிரிடும் ஏழை விவசாயிகளின் பிரதிநிதி என்பதைக் காட்ட, அந்தக் குடும்பத்தின் டி. எம். ராஜபக்ச 1930களில் அரசாங்க சபைக்கு அணிந்து சென்ற நிறம் அது.

இனி, காலத்தைக் கணிக்கும் வழிகளுக்கு வருவோம். தொடக்கநிலைச் சேகரிப்பாளர் முதலில் கற்க வேண்டிய கலை இதுவே, எனக்கு மிகவும் பிடித்ததும் இதுவே. அரசியல் சின்னங்கள் அடிக்கடி மாறுபவை. அந்த மாற்றங்களின் ஆண்டுகள் பதிவாகியிருப்பதால், சின்னமே பொருளின் பிறப்புச் சான்றிதழாகிவிடுகிறது. அமெரிக்கக் கொடி பொறித்த புரோச்சில் நட்சத்திரங்களை எண்ண வேண்டும்: 48 நட்சத்திரங்கள் 1912 முதல் 1959 வரை, 49 நட்சத்திரங்கள் ஒரேயொரு வருடம், 1960 ஜூலை 4ஆம் திகதி முதல் 50. சிறிய நகையில் எல்லா நட்சத்திரங்களையும் பதிக்க இடமில்லாமல் குறைத்துப் பதிப்பதும் உண்டு என்பதால், எண்ணிக்கை ஒரு சான்றுதான், தீர்ப்பு அன்று.

நம் நாட்டுக் கொடிக்கும் இதே கணக்கு உண்டு. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி ஏற்றப்பட்ட சிங்கக் கொடியில் நிறப்பட்டைகள் இல்லை. தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் செம்மஞ்சள், பச்சைப் பட்டைகள் 1951இல் சேர்க்கப்பட்டன. 1972இல் சிங்கத்தைச் சூழ்ந்த நான்கு மூலைகளிலும் அரசிலைகள் வந்தன. ஆகவே, பட்டைகள் இருந்து அரசிலை இல்லாத எனாமல் ஊசி ஒன்று கிடைத்தால், அது 1951க்கும் 1972க்கும் இடைப்பட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். பட்டைகளே இல்லாததை உடனே 1948க்குரியது என்று எழுதிவிடக் கூடாது, ஏனெனில் பட்டையில்லாத சிங்கக் கொடியைப் பிற்காலத்தில் வேண்டுமென்றே பயன்படுத்தியவர்களும் உண்டு. நாட்டின் பெயரும் உதவும்: 1972 மே 22ஆம் திகதிக்கு முன் ‘சிலோன்’, பின் ‘ஸ்ரீ லங்கா’. அதற்கும் முந்திய குடியேற்ற கால அரசின் அடையாளத்தில் தூபிக்கு முன்னால் யானை ஒன்று நிற்கும். அந்த யானையைப் பார்த்து ஐக்கிய தேசியக் கட்சியின் பொருள் என்று எண்ணியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

சீருடைப் பொத்தான்களில் முடியின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். 1901க்குப் பின் ஆண்ட மன்னர்களின் காலத்தில் முடியின் மேல்வளைவு குடைபோல மேலெழுந்து இருந்தது; இரண்டாம் எலிசபெத் மகாராணியின் காலத்தில் அதே வளைவு நடுவில் பள்ளமாகத் தாழ்ந்தது. இலங்கை 1972 வரை அவரையே அரசியாகக் கொண்டிருந்ததால், நம் நாட்டுப் பொலிஸ், படைப் பொத்தான்களிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 2022இல் மூன்றாம் சார்ள்ஸ் மன்னர் குடை வடிவ முடியை மீண்டும் கொண்டுவந்துவிட்டார். ஆகவே முன்புறம் மட்டும் பார்த்தால் போதாது, பொத்தானைத் திருப்பிப் பின்புறத்தில் செய்தவர் பெயரையும் உலோகத்தின் கறுப்பையும் பார்க்க வேண்டும்.

கட்சிச் சின்னங்களில் ஒரு கண்ணி உண்டு. சர்வசன வாக்குரிமை வந்த 1931இல் வாக்குப் பெட்டிகளுக்கு நிறம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம். படச் சின்னங்கள் பின்னரே வந்தன. தமிழரசுக் கட்சியின் வீடு 1950களிலும் 60களிலும் பழக்கமானது. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் அதன் இடத்தைப் பிடித்தது. 2004இல் வீடு மீண்டும் வந்தது. ஆகவே வீட்டுச் சின்னம் பொறித்த ஊசியோ துண்டோ கிடைத்தால், அது அறுபது ஆண்டுப் பழமையானதாகவும் இருக்கலாம், இருபது ஆண்டுப் பழமையானதாகவும் இருக்கலாம். சின்னம் கைவிடும் இடத்தில் பொருள் பேசும். பொலியெஸ்டர் இழை 1950களுக்குப் பின்னரே கடைகளுக்கு வந்தது. 1948க்குரியது என்று சொல்லப்படும் சால்வையின் தையல் நூல் பொலியெஸ்டராக இருந்தால் கதை பொய். ஓரத்திலிருந்து அரை அங்குல இழை ஒன்றைப் பிரித்தெடுத்து, வீட்டுக்கு வெளியே, குறட்டில் பிடித்து எரித்தால், பருத்தி காகிதம் எரியும் மணத்தோடு மென்சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த மணியாக இறுகும். பழைய செலுலொயிட் பட்டன்களை மாத்திரம் ஒருபோதும் நெருப்புக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது. அவை சட்டென்று தீப்பிடிக்கும்.

போலிகளைவிடத் தவறான பெயர்களே இந்தத் துறையில் அதிகத் தீங்கு செய்கின்றன. ஊதா, வெள்ளை, பச்சைக் கற்கள் பதித்த பழைய ஆங்கில நகை எதைக் கண்டாலும் வாக்குரிமைப் போராட்ட நகை என்று விலையேற்றி விற்கிறார்கள். அந்தக் காலத்தில் அந்த மூன்று நிறக் கற்களும் சேர்ந்த நகை பொதுவான அழகு நாகரிகமாகவும் இருந்தது. இயக்கத்தின் பெயரோ முத்திரையோ, அணிந்தவரின் வரலாறோ இல்லாமல் நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பழைய தேர்தல் பட்டன்களின் மறுபதிப்புகள் பெருகியதால், போலியாகச் செய்யப்படும் அரசியல் பொருள்களில் செய்த ஆண்டைப் பொறிக்க வேண்டும் என்று 1973இல் சட்டமே இயற்றினார்கள். ஆகையால் விளிம்பை நன்றாகப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

நம்மூரில் இந்தத் தவறு வேறு வடிவில் வரும். சின்னமெல்லாம் அரசியல் அன்று. குத்துவிளக்கிலும் பதக்கத்திலும் உள்ள சுவஸ்திகம் மங்கலக் குறி. அதை ஜெர்மானிய நாசிகளின் குறியோடு சேர்த்து விற்பதும் வாங்குவதும் அறியாமை. பிறையும் நட்சத்திரமும் காத்தான்குடி, கல்முனை வீடுகளின் பழைய நகைகளில் சமய அடையாளமாகவே இருக்கும். மரம் பொறித்த பச்சைத் துணியாயின், 1981இல் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸின் சின்னமா என்று கேட்கலாம். தாமரையும் மயிலும் யானையும் கட்சிகள் பிறப்பதற்கு முன்பே நம் நகைகளில் இருந்தவை.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இவற்றை எங்கே தேடுவது? இதற்கென்று தனிக் கடைகளை நம்பியிருக்க வேண்டியதில்லை, வீடுகள்தாம் உண்டு. அந்த வீடுகளும் இழந்தவை ஏராளம். 1978 நவம்பரில் வந்த சூறாவளி கூரைகளோடு பெட்டிகளையும் கொண்டுபோனது; 1990களின் இடப்பெயர்வுகளில் மக்கள் உடுத்த துணியோடு ஓடினார்கள்; 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல், கல்லடியிலிருந்து கல்முனை, மருதமுனை, அதற்கும் அப்பால்வரை கரையோர வீடுகளின் அலுமாரிகளை வாரிச் சென்றது. மிஞ்சியதில் தங்கமாக இருந்தவை ஈடு வைக்கப்பட்டு மூழ்கின, அல்லது கலியாணத்துக்கு உருக்கப்பட்டுப் புது நகையாயின. எங்கள் குடும்பத்திலேயே ஆறு காசு கோத்த சங்கிலியொன்று அப்படிப் போனது. கடைக்காரர் நிறுத்த சிட்டையில் எடை மட்டும் இருந்தது. எந்த ராணி, எந்த ஆண்டு என்று ஒருவரும் பார்த்திருக்கவில்லை. அந்தச் சிட்டையை இன்றும் வைத்திருக்கிறேன். உருக்குவது குடும்பத்தின் தேவை, அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் உருக்கக் கொடுப்பதற்கு முன் இருபுறமும் கைபேசியால் ஒரு படம் எடுப்பதற்கு இரண்டு நிமிடம் போதும்.

ஆகையால் இங்கே சேகரிப்பு என்பது வாங்குவதில் தொடங்காமல் கேட்பதில் தொடங்க வேண்டும். ‘பழைய சாமான் ஏதும் விற்க இருக்கிறதா’ என்று வாசலில் நின்று கேட்பவருக்குக் கதவு திறக்காது, திறக்கவும் கூடாது. ‘அம்மம்மா, இது ஆர் தந்தது? எந்த வயதில போட்டீங்க?’ என்று ஒரு பேரப்பிள்ளை கேட்டால் ஒரு பின்னேரம் முழுவதும் பேச்சு வரும். கல்முனைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் உம்மும்மா, தம் தகப்பனார் பொலிஸ் சேவையில் இருந்தபோது அணிந்த சட்டையின் பொத்தான்களைத் தம் பேரனின் கோட்டில் தைத்து வைத்திருந்தார். பொத்தான்களை நான் கேட்கவில்லை. கோட்டை விரித்துப் படமெடுக்க மட்டும் அனுமதி கேட்டேன். முடியின் குடை வடிவத்தைக் காட்டி ‘இது மன்னர் காலத்தது’ என்றபோது, ‘அப்ப வாப்பா சொன்னது சரிதான்’ என்று அவர் தடவிப் பார்த்தார்.

சில பொருள்களை எடுக்கவே கூடாது. படையினரின் உருமறைப்புத் துணியையும் சீருடையையும் பொதுமக்கள் வைத்திருப்பதும் அணிவதும் இலங்கையில் சட்டச் சிக்கலைக் கொண்டுவரும்; தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களும் அவ்வாறே. போர்க்காலத்துப் பொருளொன்று யாருடைய வீட்டிலாவது தென்பட்டால், அதைப் படமெடுப்பதுகூட அந்த வீட்டாருக்கு ஆபத்தாகலாம் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே கண்ணை எடுத்துவிடுவதே மரியாதை. கடலிலும் இதே ஒழுங்கு வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலோடு முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சிதைவிடத்திலிருந்து பொத்தானோ தொப்பிச் சின்னமோ எடுத்து வருவது கல்லறையைத் தோண்டுவதற்கு ஒப்பானது. எவர் விற்க வந்தாலும் வாங்கக் கூடாது. பழம்பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப எண்ணுபவர்கள், 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசாரச் சொத்துச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் தேவையா என்பதை முதலில் தொல்லியல் திணைக்களத்தில் கேட்டறிய வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போது என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு வயதில், அம்மம்மாவின் பதக்கத்தைப் பளபளப்பாக்க எண்ணி, புளியும் சாம்பலும் சேர்த்து அரை மணிநேரம் தேய்த்தேன். அது பளபளத்தது. ஆனால் அரசியின் கழுத்து மாலை தேய்ந்து வரியாகிவிட்டது, எழுபது ஆண்டுகள் பொறுத்து எடுத்த செம்பழுப்பு நிறம் ஒரே பின்னேரத்தில் போய்விட்டது. அந்த நிறமே உலோகத்தை மூடிக் காக்கும் போர்வை என்பது அப்போது எனக்குத் தெரியாது. உலோகத்தைத் தேய்க்கக் கூடாது. மெல்லிய பருத்தித் துணியால் தூசியை ஒற்றி எடுத்தால் போதும். நம் கரையோரத்தில் உப்புக் காற்றும், மார்கழி மாரியின் ஈரமும் செம்பில் பச்சைக் களிம்பை ஏற்றும், இரும்பு ஊக்கைத் துருவாக்கும். மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சேர்த்து, மூடி இறுகிய பெட்டிக்குள் போட்டு வைக்கலாம். செலுலொயிட் பட்டன்களைத் தனியே வைக்க வேண்டும், ஏனெனில் அது முதிரும்போது வெளிவிடும் வாயு பக்கத்திலுள்ள உலோகத்தை அரிக்கும். துணியைப் பொறுத்தவரை, பலமுறை தோய்த்து மாவு நீங்கிய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுவதே சிறந்தது. பொலித்தீன் பைக்குள் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சணம் பிடிக்கும். மடிப்பு ஒரே இடத்தில் கிடந்தால் இழை அறுந்துவிடும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் நேராகப் படாதபடி சிறு பையில் கட்டி வைக்கலாம். கறையை எடுக்க அவசரப்பட வேண்டாம். ஊர்வலத்தில் பட்ட வியர்வைக் கறையும் அந்தப் பொருளின் பகுதியே.

இறுதியாக அட்டை. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதி, அதைப் பொருளோடு பிரியாமல் வைக்க வேண்டும்: பொருளின் பெயர், அளவு, எடை, உலோகம் அல்லது இழை, முன்புறத்திலும் பின்புறத்திலும் உள்ள எழுத்துகள், அணிந்தவர் யார், எப்போது, சொன்னவர் யார், சொன்ன திகதி. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் இரண்டு நிற மையில் எழுதுவது என் வழக்கம். கண்டது நீலம், கேட்டது சிவப்பு. அம்மம்மாவின் பதக்கத்துக்குரிய அட்டையில் நீல வரிகள் எட்டும் சிவப்பு வரிகள் இரண்டும் இருக்கின்றன. பதக்கத்தைக் கொடுத்த ஆசிரியர் யார், வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைத்ததா, நாடாவின் மங்கிய நிறம் முதலில் என்ன நிறம் என்ற மூன்று இடங்கள் வெறுமையாக உள்ளன. அம்மம்மாவின் கடைசித் தங்கை கல்லடியில் இருக்கிறார். 1937இல் அவருக்கு ஆறு வயது, அதே பள்ளிக்கூடத்தின் அரிவரி வகுப்பில் படித்தவர். வருகிற போயா விடுமுறையன்று பதக்கத்தையும் அட்டையையும் சிவப்புப் பேனையையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போகிறேன்.